மூன்றாம் ஓலை

எங்கள் மாதா கோயில் பங்கில் சனங்களுக்கு வாய் திறக்க உத்தரவு கிடைப்பது அபூர்வம். மற்ற நாட்களில் ஆமென் போதும். கலியாண ஓலை படிக்கும் ஞாயிறுகளில் மட்டும் சாமியாரே எங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்கு விக்கினம் ஏதாவது இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் பாவம். இப்படி மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. கேட்டுவிட்டு ஒரு இருமல் இருமும் நேரம் நிறுத்துவார். யாரும் எழுந்ததில்லை. பதில் எதிர்பார்த்துக் கேட்கப்படும் கேள்வி அல்ல அது என்பது ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள்ளேயே எங்களுக்குப் புரிந்துவிடும்.

அந்த ஓலைகளை எழுதியவன் நான். எழுபதுகளின் நடுவில், பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களைத் தாண்டி ஒரு பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர் சாமியார். ஆகவே காலையில் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா, மாலையில் சாமியாருக்கு எழுத்து வேலை, மிச்ச நேரத்தில் கவிதை. நாற்றங்கால் பச்சையைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். பக்கத்தில் குனிந்து நாற்றுப் பிடுங்குகிறவர்களைப் பார்த்தால் அரிக்காது.

சாமியார் பெரிய காரியக்காரர். வெளிதேசத்திலிருந்து ஏழைகளுக்கென்று வந்த எண்ணெய் டின்களும் கோதுமை மூட்டைகளும் அவருடைய பங்களாவின் பின்னறையில் தவம் இருந்தன. தவம் கலைந்ததும் எல்லை தாண்டிப் போய்க் கடைகளில் தரிசனம் கொடுத்தன. அந்தத் தரிசனத்தின் பலனாகவோ என்னவோ, கோயில் கோபுரத்தில் நாலு திக்கும் பார்த்து நாலு ஸ்பீக்கர் குழாய்கள் ஏறின. பூசைக்கு வராதவனும் பிரசங்கத்துக்குத் தப்பக்கூடாது. டீக்கடைக்காரர், பம்புசெட்டில் குளிப்பவர், பாகூர் பஸ்ஸுக்கு நிற்பவர், பண்டசோழநல்லூரிலிருந்து மாடு வாங்க வந்த தரகர், எல்லோரும் மனந்திரும்ப அழைக்கப்பட்டார்கள். மாடுகள் உட்பட.

கிறிஸ்துவுக்குள் நாங்கள் அனைவரும் ஒன்று. கோயிலுக்குள் மட்டும் வலப்பக்கம், இடப்பக்கம். சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு இடப்பக்கம். அவள் அந்த இடப்பக்கத்துப் பெண். இருபத்துமூன்று வயது. அப்பா இல்லை, அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவள். அவர்கள் வீடு நின்றது கோயில் மண்ணில். மூன்று வருஷமாகச் சாமியாரின் அங்கிகளுக்கு இஸ்திரிப் பெட்டி போடும் வேலை அவளுக்கு. அங்கிக்குப் பெட்டி போட அரை மணி நேரம் ஆகும். அவள் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகும். ஊருக்குத் தெரியும். ஊர் தன் கண்களைக் கோபுரத்துச் சிலுவைக்கு உயர்த்திக்கொண்டது. பக்தி மிகுந்த ஊர்.

அபிஷேகப்பாக்கத்தில் இருந்த அவளுடைய தாய்மாமன் அந்த ஊரிலேயே ஒரு மாப்பிள்ளை பார்த்தார். கலியாணமானால் அவள் ஊரை விட்டுப் போய்விடுவாள். இந்த ஆபத்தைச் சாமியார் உடனே உணர்ந்தார். ஏழைப் பெண்ணுக்கு நானே ஒரு நல்ல வாழ்க்கை அமைத்துத் தருகிறேன் என்றார். மாப்பிள்ளை, கோயில் மணி அடிப்பவர். ஐம்பது தாண்டியவர், பெண்டாட்டியைப் புதைத்தவர், ஸ்பீக்கர் பெட்டியையும் பார்த்துக்கொள்பவர், கேட்டதற்கு மட்டும் தலையாட்டுபவர். அவர் குடியிருப்பது பங்களாவின் பின்கட்டில். மணமகளுக்கு இனி நடந்து வரும் சிரமம்கூட இல்லை.

முதல் ஓலை படித்த மறுநாள், பிள்ளைகள் போனபின் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. சன்னலுக்கு வெளியே நின்றாள்.

"வாத்தியாரே, ஓல நீங்கதான எழுதனது?"

"சாமியார் சொன்னாரும்மா. எழுதினேன்."

"எனக்கு இஷ்டமில்லன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

நான் சாக்பீஸ் டப்பாவை மூடினேன். திறந்தேன். "தெரியும்."

"அப்ப இன்னொன்னு எழுதுங்க. டவுன்ல இருக்கற பெரிய சாமிக்கு. நடந்தத சொல்றன். சொல்றத அப்படியே எழுதுங்க."

சொன்னாள். அழவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். நான் எழுதினேன். அப்படியே எழுதவில்லை. அப்படியே எழுதினால் அது இலக்கியம் ஆகுமா? "கையப் புடிச்சி இழுத்தாரு" என்று அவள் சொன்னது என் பேனாவில் "மல்லிகைக் கொடியை ஒரு சூறை உலுக்கிற்று" என்று இறங்கியது. "வாணாம் சாமின்னு கால்ல வுழுந்தன்" என்றாள். "மேய்ப்பனின் நிழலே மந்தையின் மீது மேகமாய்க் கவிந்தது" என்று எழுதினேன். நான்கு பக்கம். முடித்துப் படித்துக் காட்டியபோது என் குரல் எனக்கே தழுதழுத்தது.

"இதுல நான் எங்க இருக்கறன்?" என்றாள்.

"அந்த மல்லிகைக் கொடி."

"நான் கொடின்னா சொன்னன்?" தாளைத் தொட்டுப் பார்த்தாள். "பெரிய எடத்துக்கு இப்படித்தான் எழுதணும் போல. படிச்சவங்க நீங்க."

கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள். பஸ் ஏறி டவுனுக்குப் போய் பிஷப் பங்களாவில் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

திருச்சபை காரியங்கள் தாமதமாகும் என்று யார் சொன்னது? இரண்டாம் ஓலை முடிந்து நாலே நாளில் பதில் வந்துவிட்டது. அவளுக்கல்ல, சாமியாருக்கு. பதில் என்பது அந்த மனுவேதான். தலைப்பில் சிவப்பு மையில் ஒரு வரி: தகுந்த நடவடிக்கைக்காகப் பங்குச் சாமியாருக்கு அனுப்பப்படுகிறது.

கூப்பிட்டு அனுப்பினார். சாய்வு நாற்காலியில் மனுவை மடியில் வைத்திருந்தார். கோபத்தில் இருப்பார் என்று போனேன். ரசித்துக்கொண்டிருந்தார்.

"மேகமாய்க் கவிந்தது. நல்லா இருக்குது வாத்தியாரே. திருவிழா மலருக்கு நீர் ஒண்ணும் குடுக்கலியே?"

மனுவை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நீர்தான் புத்தி கெட்டு எழுதிக் குடுத்திருக்கீர். பள்ளிக்கூடம் வேணுமா, கவித வேணுமா?"

பள்ளிக்கூடம் என்றேன். அப்படியானால் மூன்றாம் ஓலையை இங்கேயே உட்கார்ந்து எழுதும் என்றார். எழுதினேன். கை நடுங்கியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடுங்கவில்லை. கொம்பும் சுழியும் அச்சில் வார்த்ததுபோல விழுந்தன. அதே சாயங்காலம் அவள் அம்மாவுக்கு ஆள் போனது: கலியாணம் இல்லையென்றால் கோயில் மண்ணில் வீடு இல்லை.

மூன்றாம் ஞாயிறு. பிரசங்கத்தின் தலைப்பு கற்பு. குழாய்கள் நாலும் நாலு திக்குக்கும் கற்பைக் கொண்டுபோயின. பிறகு சாமியார் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பீடத்தின் படி இறங்கி வந்து, என் ஓலையைப் படித்தார். விக்கினம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இருமினார்.

இடப்பக்கத்தில் அவள் எழுந்தாள்.

"விக்கினம் இருக்குது சாமி."

விசிறிக்கொண்டிருந்த ஓலைவிசிறிகள் நின்றன. சாமியாரின் முகத்தில் கலக்கம் இல்லை. அவருக்கு எங்களைத் தெரியும். இடப்பக்கத்துக்காரர்கள் நன்மை அப்பம் வாங்க மட்டும்தான் பீடத்துக் கிராதி வரைக்கும் போவார்கள், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. ஆகவே சிரித்துக்கொண்டே சொன்னார்: "அங்கே நின்னு முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்? சொல்றத இங்க வந்து மைக்ல சொல்லு."

உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தார். நானும் நினைத்தேன். என் நெஞ்சு உட்காரு, உட்காரு என்றுதான் அடித்துக்கொண்டது. அவளுக்காக அல்ல, மாதச் சம்பளத்துக்காக.

அவள் நடந்து வந்தாள். மைக்கை வாங்கவில்லை. அவர் பிடித்திருக்க, அதன் பக்கம் முகத்தைக் கொண்டுபோய்ப் பேசினாள்.

"எங்கிட்ட யாரும் சம்மதம் கேக்கல. எனக்கு இந்தக் கலியாணம் வாணாம். இந்தச் சாமி மூணு வருஷமா துணி பொட்டி போடக் கூப்புட்டு, நான் வாணாம் வாணாம்னு சொல்லச் சொல்ல என்னெ கெடுத்தாரு. இப்ப நான் மாமன் ஊருக்குக் கட்டிக்கினு போயிடுவன்னு பங்களாவுலயே கட்டி வெக்கப் பாக்கறாரு." மூச்சு வாங்கினாள். பெண்கள் பக்கம் திரும்பினாள். "எனக்கு முந்தி பொட்டி போட்ட பொண்ணு இன்னாத்துக்கு ஊர வுட்டுப் போச்சின்னு அது அம்மா இங்கதான் குந்தினு இருக்குது, கேளுங்க. இனிமே ஒங்க வூட்டுப் பொண்ணுங்கள அனுப்பாதீங்க."

நாலு பக்கத்தில் நான் சொல்லாததை அவள் நாலு திக்குக்கும் சொல்லிவிட்டாள். டீக்கடையில் பாட்டுப்பெட்டியை நிறுத்தியது உள்ளே வரைக்கும் கேட்டது.

சாமியார் பூசை உடுப்பு மாட்டும் சாக்கிரிஸ்து அறைப் பக்கம் திரும்பினார். "மைக்க நிறுத்துய்யா." அதுவும் நாலு திக்குக்கும் கேட்டது.

ஸ்பீக்கர் பெட்டியிடம் நின்றவர் மணி அடிப்பவர்தான், மாப்பிள்ளை. அவர் தோள் துண்டை எடுத்தார். பெட்டியின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார்.

"நிறுத்தச் சொன்னேன்."

பெட்டியின் மறுபக்கத்தையும் துடைத்தார். திருகைத் தொடவில்லை.

பூசை தொடர்ந்தது. நடுவில் நிற்கக்கூடாதாம். நன்மை வாங்க வலப்பக்கத்து ஆண்கள் போனார்கள், இடப்பக்கத்து ஆண்கள் சிலரும் போனார்கள். நானும் போனேன். பெண்கள், இரண்டு பக்கத்துப் பெண்களும், எழவில்லை. சாமியார் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

பூசை கலைந்தபின் மணி அடிப்பவரிடம் கேட்டேன், ஏன் நிறுத்தவில்லை என்று.

"எங்கிட்டயும் யாரும் கேக்கல வாத்தியாரே. மொதல் ஓல படிக்கறப்பதான் எனக்கே தெரியும், எனக்குக் கலியாணம்னு. அந்தப் பொண்ண நான் தூக்கி வளத்தவன்."

டவுனிலிருந்து வெள்ளைக் கார் வந்தது. விசாரணைக்கு இரண்டு சாமியார்கள். நியாயம் சொட்டும் முகங்கள். அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "பூசை நேரத்தில் பேச யாரிடம் அனுமதி பெற்றாய்?"

"அவருதான் மைக்ல சொல்லுன்னாரு."

குறித்துக்கொண்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. சன்னலுக்கு வெளியே நின்று அவள் சொன்னதை எல்லாம், கொடி இல்லாமல் மேகம் இல்லாமல், வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். மூத்தவர் பொறுமையாகக் கேட்டார். மனுவைப் புரட்டினார்.

"இதெல்லாம் இவள் உம்மிடம் அன்றைக்கே சொன்னாளா?"

"சொன்னா சாமி."

"அப்போ இதுல ஏன் ஒரு வரிகூட இல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலில் எழுதிய மனுவில் இல்லாத குற்றச்சாட்டு பின்னால் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை முடிந்தது. அதன் நடை மட்டும்தான் என்னுடையது அல்ல.

சாமியார் தண்டிக்கப்பட்டார். அதாவது, உடல்நலத்தை முன்னிட்டு, கடற்காற்று வீசும் பெரிய பங்கு ஒன்றுக்கு மாற்றப்பட்டார். பிரிவுபசாரம் நடந்தது. வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வீறுகொண்டு மறுத்தேன் என்றால் நன்றாக இருக்கும். காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தேன். அந்தக் காய்ச்சலுக்கே வேலை போனது. மாலை மரியாதைக்கு ஆண்கள் வந்திருந்தார்களாம். கோலம் போட ஒருத்தி அகப்படவில்லையாம். அவருக்குப் பின் வந்தவர் நல்லவராகவே இருந்திருக்கலாம். பெட்டி போட எந்த வீட்டிலிருந்தும் பெண் போகவில்லை. அவர் கசங்கிய அங்கியோடு பூசை வைத்தார். ஆண்டவர் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

கலியாணம் நின்றது. வீடு நிற்கவில்லை. அபிஷேகப்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டாரும், பஸ்ஸில் வந்த செய்தி கேட்டு, எங்களுக்கு நல்ல குடும்பம் வேண்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். தாய்மாமன் மட்டும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். தன் வரப்போரம் கொஞ்சம் இடம் தருவதாகச் சொன்னார். கூரையைப் பிரிக்க மணி அடிப்பவர் வந்தார். வேலை இல்லாதவன் என்பதால் நானும் போனேன். கழியும் கீற்றும் வண்டியில் ஏறின; பானை சட்டிகளோடு அவள் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். அவள் நிலையோடு கதவைப் பெயர்க்க ஆரம்பித்ததும், மேற்பார்வைக்கு நின்ற கோயில் நாட்டாமை தொண்டையைச் செருமினார்.

"கதவ எதுக்கும்மா கழட்டற? அது கோயில் எடத்துல இருக்குது."

"எடந்தான் கோயிலோடது. கதவு எங்கப்பா வாங்குனது. மண்ணு இருக்குதுல்ல, பத்தரமா வெச்சிக்கங்க."

நாங்களும் வண்டியோடு அபிஷேகப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கதிர் வாங்கிய வயல்கள். வரப்போரம் சுண்ணாம்பால் கோடு போட்ட ஒரு சதுரம், அவ்வளவுதான் வீடு. மூங்கில் நடக் குழி தோண்டப் போன மாமனை அவள் நிறுத்தினாள்.

"மாமா, மொதல்ல கதவ நிறுத்து."

"செவுரே இல்லடி. கதவு எதுக்கு?"

"நிறுத்து மாமா. தாப்பா உள்பக்கமா வெய்யி."

மாமன் என்னைப் பார்த்தார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன். மணி அடிப்பவர் மண்ணைத் தள்ளிக் கெட்டியாக்கினார். வெறும் வெளியில், நெல்லுக்கு முன்னால், தனியாக ஒரு கதவு நின்றது. அவள் அதைத் திறந்து அந்தப் பக்கம் போனாள். சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கதவுக்கு இரண்டு பக்கமும் காற்றுதான். இரண்டு எட்டு வைத்தால் சுற்றிக்கொண்டு போய்விடலாம். நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் வண்டி ஓரம் நின்றிருந்தோம். அவளே திறக்கும்வரை யாரும் போகவில்லை.