கடைப் பெயரைத் தமிழிலேயே வாங்கினேன்

முதலியார்பேட்டையில் நானும் என் கணவரும் சக்கர நாற்காலி, தலைப்பக்கம் தூக்கி இறக்குகிற கட்டில், வாக்கர், ஆக்சிஜன் மெஷின் ஆகியவற்றை வாடகைக்கு விடுகிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்களுக்குத்தான் இவை பெரும்பாலும் தேவைப்படும். சாமான்களை வண்டியில் ஏற்றிப் போய் வீட்டில் மாட்டிக் கொடுப்பது அவர் வேலை. போன், இணையதளம், யாருக்கு எது எத்தனை நாளைக்கு என்று பார்த்துக்கொள்வது என் வேலை.

எங்கள் கடைப் பெயரில் ஒரு ழகரமும் ஒரு ளகரமும் இருக்கின்றன. வைத்தபோது அழகாகத்தான் இருந்தது. இங்கிலீஷில் எழுத வேண்டி வந்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது. ஒருவர் எல் போடுவார், ஒருவர் இசட் போடுவார், இன்னொருவர் இசட்டோடு எச்சும் சேர்ப்பார். இணையதளமோ ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்த முகவரியில் இருந்தது. எங்கள் பெயர், ஒரு புள்ளி, பிறகு அந்தக் கம்பெனியின் பெயர், இன்னொரு புள்ளி என்று அது நீண்டுகொண்டே போகும்.

ஒருநாள் கோரிமேடு ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டில் தன் வீட்டு வாசற்படியில் நுழையுமா என்று படத்தைப் பார்த்தால் தெரியும் என்றார். பேசுகிற போனில் படம் வராது, படம் வருகிற போன் மகளிடம் இருக்கிறது, அந்த நம்பர் மனப்பாடமாகத் தெரியாது. அதனால் நான் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், அவர் யாரிடமோ பேனா வாங்கி எழுதினார்.

"இசட்டுன்னா எதும்மா? இந்த ஏழு மாதிரி இருக்குமே, அதுவா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. கீழ ஒரு கோடு வரும்."

"கீழன்னா எங்க?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்தார். பேசவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இணையத்தில் கடைப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வாங்கிவிடுவது என்று. தமிழில் முகவரி வைக்க முடியும் என்று எங்கோ படித்திருந்தேன்.

வாங்குவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பெயர் விற்கிற கம்பெனியின் பக்கத்தில் தமிழில் அடித்தேன், பச்சை நிறத்தில் ‘கிடைக்கிறது’ என்று வந்தது. கணவரிடம் சொன்னேன். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். மதியத்துக்குள் பிளெக்ஸ் கடைக்குப் போய், கடை வாசலுக்கு ஒரு போர்டும் வண்டிக்கு ஸ்டிக்கரும் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார்.

"இன்னும் சைட்டோட சேர்க்கலீங்க. அதுக்குள்ள எதுக்கு போர்டு?"

"பேரு வாங்கிட்ட இல்ல? அப்புறம் இன்னா?"

அப்புறம் என்ன என்பது எனக்கே பாதிதான் தெரியும். பெயரை ஒரு கம்பெனியில் வாங்கியிருந்தேன். இணையதளம் வேறொரு கம்பெனியில் இருந்தது. இந்தப் பெயரை அடிக்கிறவர்களை எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும் என்று பெயர் விற்றவர்களிடம் எழுதி வைக்க வேண்டும். இந்தப் பெயர் எங்களுடையதுதான் என்று தளம் வைத்திருப்பவர்களிடமும் சொல்ல வேண்டும். இரண்டு முனையும் சேர்ந்தால்தான் தளம் திறக்கும்.

மறுநாள் காலை உட்கார்ந்தேன். தளத்தில் சொந்தப் பெயரை இணைக்கும் பெட்டியில் எங்கள் பெயரைத் தமிழில் அடித்தேன். சிவப்பில் ‘செல்லாத எழுத்துகள்’ என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். அதே சிவப்பு. நான் பிறந்ததிலிருந்து எழுதுகிற எழுத்து செல்லாதாம். உதவிக்கான பெட்டியில் எழுதிக் கேட்டேன். அரை மணி நேரம் கழித்து, பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்குமாறு பதில் வந்தது. பெயரே இங்கிலீஷ் இல்லையே என்று எழுதினேன். அப்படியானால் இங்கிலீஷில் ஒரு பெயர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். லேப்டாப்பை மூடிய வேகத்தில் மேஜையிலிருந்த டீ சிந்தியது.

பெயர் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன். தமிழுக்கான எண்ணை அழுத்தியதும் ஒரு பெண் வந்தாள். நல்ல மரியாதையான குரல்.

"மேம், தமிழ்ப் பேருக்கு உள்ளுக்குள்ள ஒரு இங்கிலீஷ் வடிவம் இருக்கும். உங்க அக்கவுண்ட்ல பாருங்க, எக்ஸ், என், ரெண்டு கோடுன்னு ஆரம்பிக்கும். அத எடுத்து அந்தப் பெட்டில போடுங்க."

பார்த்தேன். எங்கள் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. எக்ஸ், என், இரண்டு கோடு, அதற்குப் பிறகு வாயில் நுழையாத எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குவியல்.

"இதுவா எங்க கடைப் பேரு?"

"ஆமா மேம். கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் தெரியும்."

அதைப் போட்டதும் பச்சை வந்தது. தளத்தில் கொடுத்த இரண்டு வரிகளைக் கொண்டுபோய்ப் பெயர் வாங்கிய பக்கத்தில் எழுதினேன். எல்லா இடத்துக்கும் போய்ச் சேர இரண்டு நாள் ஆகலாம் என்றிருந்தது. அன்று சாயங்காலமே போர்டு வந்துவிட்டது. கணவர் ஏணி போட்டு மாட்டி, படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார்.

மூன்றாம் நாள் உப்பளத்தில் ஒரு வீட்டுக்குக் கட்டில் கொண்டுபோயிருந்த கணவர் அங்கிருந்து கூப்பிட்டார்.

"சைட்டு வந்துடுச்சு! சூப்பரா இருக்கு."

ஓடிப்போய் என் போனில் திறந்தேன். கட்டிலும் இல்லை, நாற்காலியும் இல்லை. முழுக்க இங்கிலீஷில் விளம்பரங்கள். மேலே, இந்தப் பெயர் விற்பனைக்கு இருக்கலாம் என்று ஒரு வரி.

"எனக்கு வரலீங்க. என்னமோ விளம்பரம் வருது."

"என் போன்ல வருதே. நீ தப்பா அடிக்கிறே."

"வாங்கினதே நாந்தான். நானா தப்பா அடிப்பேன்?"

அவர் வந்ததும் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவர் போனில் கட்டில் படம். என் போனில் விற்பனைக்கு. கொஞ்ச நேரம் கழித்து என் போனில் கட்டில், அவர் போனில் விற்பனைக்கு. நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் கிடந்தேன். பெயர்க்காரர்களைக் கேட்டால் எங்கள் பக்கம் எல்லாம் சரி, தளத்துக்காரர்களைக் கேளுங்கள் என்பார்கள். தளத்துக்காரர்களும் அதையே திருப்பிச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் புது ஆள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். சமையல் பாதியில் நிற்கும், வாசலில் வாக்கர் திருப்பிக் கொடுக்க வந்தவர் நிற்பார், நான் அவர்கள் போனில் போடுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டு வரிசையில் காத்திருப்பேன்.

ஐந்தாம் நாள் கோரிமேடு ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவர் ஊர் திண்டிவனம் பக்கத்துக் கிராமம். அவருடைய அப்பாவை அன்று மதியம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் வண்டியில் இருந்த பெயரைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் தமிழிலேயே அடித்திருக்கிறார். நான் நினைத்தது அப்படியே நடந்திருக்கிறது.

"அக்கா, கடைய விக்கிறீங்களாமே? அதுல போட்டிருக்கு."

"இல்லீங்க, அது வேற. கடை இருக்கு. இன்னைக்கே கட்டில் அனுப்பறோம்."

"அப்பாவுக்கு ரெண்டு மாசம் வேணும்க்கா. நடுவுல கடை கைமாறிடுச்சுன்னா நான் யாருகிட்ட போய் நிப்பேன்?"

"கைமாறாதுங்க. கம்ப்யூட்டர்ல ஒரு சின்னக் கோளாறு."

"விழுப்புரத்துல ஒருத்தரு இருக்காராம். அங்கயே பாத்துக்கறேன், தப்பா நெனைக்காதீங்க."

நான் திரும்பக் கூப்பிட்டபோது அவர் எடுக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். கணவர் ஒரு கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். துணியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"இத கழட்டிடவா?"

நான்கு நாள் சண்டையில் வராத அழுகை அப்போது வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

பெயர் விற்ற கம்பெனியில் இந்த முறையும் ஒரு பெண். நான் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை.

"என் ஸ்கிரீன்ல இருக்கறத ஒவ்வொரு வரியா படிக்கறேன். ஒவ்வொண்ணும் இன்னான்னு நீங்க சொல்லணும். சொல்றவரைக்கும் நான் போன வைக்க மாட்டேன்."

"ஓகே மேம்."

முதல் வரி நான் எழுதியது. இரண்டாவதும் நான் எழுதியது. மூன்றாவது வரியில் இருந்த எண்ணைப் படித்ததும் அவள் நிறுத்தினாள்.

"மேம், இது நீங்க போட்டதா?"

"இல்ல. முன்னாடியே இருந்துச்சு."

"அது எங்களுது மேம். பேரு வாங்கினதும் விளம்பரப் பக்கத்துக்காக நாங்க போட்டு வெப்போம். நீங்க புதுசு எழுதும்போது பழச அழிச்சிருக்கணும்."

"அத இத்தன நாளா ஏன் யாருமே சொல்லல?"

"சாரி மேம்."

ஒரே பெயருக்கு இரண்டு இடங்கள் எழுதப்பட்டிருந்திருக்கின்றன. வருகிறவர்களில் சிலர் எங்களிடம் வந்தார்கள், சிலர் விளம்பரத்துக்குப் போனார்கள். அந்த வரியை அழிக்க ஒரு தொடுதல் போதுமாயிருந்தது. சந்தோஷம் வரவில்லை. யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது, அந்தப் பெண்ணைத் திட்டுவது நியாயமில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேம் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று வைத்தேன்.

மறுநாள் மதியத்துக்குள் எல்லா போன்களிலும் தளம் ஒழுங்காக வந்தது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் போனை வாங்கி என் கணவர் அடித்துப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் முகவரியை மெசேஜில் அனுப்பினால், போய்ச் சேரும்போது தமிழ்ப் பெயர் காணாமல் போய், அந்த எக்ஸ், என், இரண்டு கோடு குவியல்தான் வந்து நின்றது. "அக்கா, திருட்டு லிங்க்கு மாதிரி இருக்கே, தொடலாமா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். எழுத்துக்கூட்டிச் சொல்கிற தொல்லை வேண்டாம் என்றுதானே இவ்வளவும் செய்தேன்? இப்போது லிங்க்கோடு என் குரலையும் பதிந்து அனுப்புகிறேன்: பயப்படாதீங்க, நம்ம கடைதான், தொடுங்க.

ஒரு வாரம் கழித்து பிரான்சிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். அவருடைய தாயார் உப்பளத்தில் தனியாக இருக்கிறார், விழுந்து இடுப்பில் அடி. யாரோ உறவினர் எங்கள் லிங்க்கை அனுப்பியிருக்கிறார். என் குரல்பதிவை அனுப்பவில்லை. பிரெஞ்சில் வணக்கம் சொல்லி ஆரம்பித்தார்.

"போன்ழூர் மதாம். அந்த நீலக் கலர் சக்கர நாற்காலி அம்மாவுக்கு வேணும்."

"லிங்க்கு ஒரு மாதிரி இருந்திருக்குமே, நீங்க பயப்படலீங்களா?"

"எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என்ன எழுதியிருந்தா என்ன? தொட்டேன், படம் வந்துச்சு."

புதுப் பெயர் வழியாக வந்த முதல் வாடகை அது. என் கணவர் அன்று சாயங்காலமே நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தப் பாட்டியை உட்கார வைத்துப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார். மகள் எனக்கு மறுபடி கூப்பிட்டு நன்றி சொன்னார். வைப்பதற்கு முன்னால் கேட்டார்.

"மதாம், சைட்டு முழுக்கத் தமிழாவே இருக்கே. பிரெஞ்சுல ஒரு பக்கம் போடலாமே?"

"போடறேங்க" என்றேன். இன்னும் போடவில்லை. தளம் வைத்திருக்கிற அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை.