முந்நூறு ரூபாயும் ஆறு வளையலும்

என் மாமனாருக்குப் பேரம் பேசுவது பிடிக்காது. யாராவது பக்கத்தில் நின்று பேரம் பேசினாலே முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளிப் போய் நிற்பார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். சைகோன் கடைகளில் சாமான்மேல் விலை எழுதி ஒட்டியிருக்குமாம். அதைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதானாம். "பேரம் பேசறவனும் பிச்ச கேக்கறவனும் ஒண்ணு" என்பார். அந்த வீட்டு ஆண்களுக்கு அதுதான் வேதம்.

இது புதுச்சேரிக் கடைக்காரர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதனால் ஊரில் எல்லாச் சாமானுக்கும் இரண்டு விலை இருந்தது. ஒன்று ஊர் விலை, இன்னொன்று சொல்தா விலை. சொல்தாக்கள் போடுகிற வெள்ளைத் தொப்பி ஒன்று கடைத்தெருவில் திரும்பினால் போதும், விலை எழுந்து நின்று சல்யூட் அடிக்கும். இது நான் காதால் கேட்ட விஷயம் இல்லை. என் அம்மா சாரம் கிராமத்திலிருந்து கூடை தூக்கிப்போய்ப் பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்றவள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தொப்பியைக் கண்டால் இரண்டணா கூட்டிச் சொல் என்பாள். சொல்லியிருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். அந்தப் பாவம்தான் உன்னைத் தொப்பி வீட்டுக்கே மருமகளாக்கியது என்று பிற்பாடு அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஊர் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். என் கணவருக்கு மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை வந்தது. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று டாக்டர்களைப் பார்த்து வர வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஒரு நாளைக்கு ஒரு ஊர்தான் முடியும். அதனால் கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: அடுத்த மாதம் முதல் தேதிக்குள் சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். வீட்டில் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். போதவில்லை. பிறகு எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

கையில் ஆறு வளையல் இருந்தது. அம்மா கத்தரிக்காய்க் காசில் வருஷத்துக்கு ஒன்றாகச் செய்து போட்டது. வண்டியைக் கம்பெனி விலைக்கு வாங்கினால் நாலு வளையல் போதும் என்று நான்தான் கணக்குப் போட்டுச் சொன்னேன். நாலைத் தருகிறேன், இரண்டு என் கையில் இருக்கும், அதற்கு மேல் கேட்கக்கூடாது என்றேன். சரி என்றார்கள். வாங்கிக்கொள்கிறவர்கள் எதற்கும் சரி என்பார்கள்.

பெரிய மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சைக்கிள் கடை. மெட்ராசில் செய்கிற மோட்டார் சைக்கிளையும் அந்தக் கடைக்காரர் வரவழைத்து விற்றார். "நீ எதுக்கு அங்க?" என்றார் கணவர். "என் வளையல் போற எடத்துக்கு நானும் வருவேன்" என்றேன். இரண்டு பேரும் போனோம்.

கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. என் கணவரிடமே பேசினார்.

"ஆர்டர் குடுத்தா வண்டி வர ஒரு வருஷம் ஆவும் சார். மெட்ராசுலயே அவ்ளோ பேர் காத்துங்கெடக்கறாங்க. கையில ஒரே ஒரு வண்டி இருக்குது. அதான் வேணும்னா கம்பெனி விலைக்கு மேல முந்நூறு ஆவும்."

கம்பெனி விலை அச்சடித்த தாள் அவர் தலைக்கு மேலேயே சுவரில் ஒட்டியிருந்தது. என் கணவர் தலையை ஆட்டப்போனார். நான் முந்திக்கொண்டு கேட்டேன்:

"முந்நூறு எதுக்குங்க?"

"ஒடனே கெடைக்குதில்லம்மா, அதுக்குத்தான்."

நான் எழுந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். டயர் இரண்டிலும் காற்று இல்லை. சீட்டின்மேல் குருவி எச்சம். ஹேண்டில்பாரில் ஒரு அட்டை கட்டியிருந்தது, அதில் வண்டிக்கு முதலில் ஆர்டர் கொடுத்தவன் பெயர் இருந்தது. எங்களுக்குப் பக்கத்துத் தெருப் பையன். தீபாவளிக்கு முன்னாலேயே கப்பலேறி பிரான்சுக்குப் போய்விட்டான்.

"இத எழுதி வெச்சவன் கப்பலேறி ஆறு மாசம் ஆவுது. ஆறு மாசமா உங்க காசு இதுல மொடங்கிக் கெடக்குது. அவ்ளோ பேர் காத்துங்கெடக்கறாங்கன்னு சொன்னீங்களே, அதுல ஒருத்தர்கூடவா இத வாங்கல? குருவிதான் குடித்தனம் பண்ணுது."

அப்போதுதான் அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். முந்நூறு இருநூறாயிற்று. இருநூறு நூற்றைம்பதில் வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. அம்மா ஒரு பாடம் சொல்லியிருந்தாள்: விலை அசையாவிட்டால் எழுந்து நட, திரும்பி மட்டும் பார்க்காதே. எழுந்து நடந்தேன். பின்னாலேயே வந்த என் கணவர், பத்தடி போனதும் நின்று வண்டியைத் திரும்பிப் பார்த்தார். ஆசை மூஞ்சியில் எழுதி ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் எந்தக் கடைக்காரன் கூப்பிடுவான்?

மூன்று நாள் கழித்து மறுபடி போனோம். இந்தத் தடவை எழுந்து நடக்கும்போது அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், தலை திரும்பாமல் இருக்க. கடைத்தெருவே பார்த்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடி என்று நினைத்திருப்பார்கள். முனை திரும்புவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார். கம்பெனி விலைக்கே வண்டி, மெட்ராசிலிருந்து வந்த லாரிக் கூலி அவர் பொறுப்பு. "திங்கக்கெழம பணத்தோட வந்துடுங்க" என்றார். அன்று வீடு வரைக்கும் கால் தரையில் படவில்லை எனக்கு. சனிக்கிழமை நாலு வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். விற்றுப் பணம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமனார் அறிவித்தார், நாளைக்கு நானும் வருகிறேன் என்று. நான் உடனே சொன்னேன்:

"மாமா, எல்லாம் பேசி முடிச்சாச்சு. நீங்க எதுக்கு வெயில்ல? வந்தாலும் அந்தத் தொப்பிய மட்டும் வூட்டுலயே வெச்சுட்டு வாங்க."

"என் மவன் வண்டி வாங்கறான். நான் இன்னா திருடனா, மொகத்த மாத்திக்கினு வர?"

தொப்பி மட்டும் இல்லை, கோட்டும் வந்தது. கோட்டில் பட்டாளத்து மெடலும் வந்தது.

கடைக்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "பொன்ழூர் முசியே!" என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தபடி எழுந்து ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கலர் சோடா வாங்கிவரச் சொன்னார், அதுவும் மாமனாருக்கு மட்டும். மாமனார் காலை நீட்டி உட்கார்ந்து, பேசி முடித்த விலையைப் பேசாத விலைபோல் கேட்டார்:

"இன்னா வில?"

கடைக்காரர் கண்ணை இமைக்கவில்லை. "கம்பெனி வில, மேல முந்நூறு முசியே. உங்ககிட்ட நான் ஏத்திச் சொல்வனா?"

"அன்னிக்கு கம்பெனி விலைக்கே தரேன்னு சொன்னீங்களே!" என்று நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

அவர் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனாரிடம் சொன்னார்: "வூட்டுப் பொண்ணு கத்திரிக்கா வாங்கற மாதிரி பேசினாங்க. பொம்பளைன்னு மரியாதைக்கு நான் ஒண்ணும் சொல்லல முசியே."

கத்தரிக்காய் என்று அந்த ஆள் சொன்னபோது என் உடம்பெல்லாம் எரிந்தது. அவன் மேஜைமேல் நாங்கள் வைத்திருந்த பணத்தில் பாதி கத்தரிக்காய்தான். மாமனார் முகம் கறுத்துவிட்டது, ஏமாற்றியவன்மேல் இல்லை, என்மேல். "நாலு பேர் பாக்கறாங்க. சும்மா இரும்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ரெண்டையும் கழட்டிக் குடு. பென்ஷன் வந்ததும் பாத்துக்கலாம்."

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு தடவை என்னோடு வந்தவர். கம்பெனி விலை என்று கடைக்காரர் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டவர். ஒரு வார்த்தை, "ஆமாப்பா, அப்படித்தான் பேசினோம்" என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். அவர் கைக்குட்டையை எடுத்து வண்டி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. இத்தனை வருஷத்தில் கடைக்காரனைக்கூட மன்னித்துவிட்டேன், வியாபாரி அவன். அந்தக் கைக்குட்டையை மன்னிக்கவில்லை.

வளையலைக் கழற்றினேன். கோபத்தில் கை வியர்த்து அவை சுலபமாக வந்துவிட்டன. மேஜைமேல் வைத்து, மேலே என் கையை அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"தரேன். பில்லுல எழுதுங்க. கம்பெனி வில இவ்ளோ, அதுக்கு மேல முந்நூறு இன்னாத்துக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"அதெல்லாம் பில்லுல வராதும்மா."

மாமனார் சோடாவைக் கீழே வைத்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குக் கடவுளைவிடக் கடுதாசி பெரிது. தான் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருஷா வருஷம் பிரெஞ்சு ஆபீசில் போய் நின்று எழுதி வாங்கினால்தான் அவருக்குப் பென்ஷன். ஒரு வருஷம் அந்தக் கடுதாசி எங்கேயோ தவறிப்போய், மூன்று மாதம் பணம் வரவில்லை. ஆள் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கணக்குப்படி செத்துப்போயிருந்தார். அதிலிருந்து பால்காரனிடம்கூட எழுதி வாங்குவார்.

"இன்னா சொன்ன? பில்லுல வராதா?" என்று எழுந்தார். "எழுத முடியாத காசு திருட்டுக் காசு. எழுதுறதுன்னா வாங்கு. எழுத முடியலன்னா வாங்காத."

கடைக்காரர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மாமனார் கைத்தடியால் தரையைத் தட்டி "எழுது, எழுது" என்றார். எப்படி எழுதுவான்? அச்சடித்த விலைக்கு மேல் வாங்கியதாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க அவனுக்கென்ன பைத்தியமா? கம்பெனி விலைக்கு பில் போட்டான். நான் வளையலை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவை கையில் ஏறிய சந்தோஷத்தில், பில்லை யார் பெயருக்குப் போடுகிறான் என்று பார்க்கவில்லை. கத்தரிக்காய்க்காரி மகள், தராசு முள்ளைப் பார்த்தவள், அதைப் பார்க்காமல் விட்டேன்.

வீட்டில் அன்று மாமனார்தான் ராஜா. "ஒரு வார்த்ததான் கேட்டேன், முந்நூறு எறங்கிடுச்சு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். பேரம் பேசவில்லையாம், பில் கேட்டாராம். என் கணவர் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டார். அதற்கு மட்டும் வாய் வந்தது.

மூன்று வருஷம் அந்த வண்டி ஓடியது. பிறகு கம்பெனியில் அவரை ஆபீஸ் வேலைக்கு மாற்றினார்கள். ஒரு நாள் நான் சாரத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போய்விட்டு வந்தால், வண்டி நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. குருசுக்குப்பத்தில் யாரோ கேட்டாராம், கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார்களாம். பணம் கணவரின் தம்பி பிரான்சுக்குப் போகிற கப்பல் டிக்கெட்டுக்கு.

"என் நாலு வளையல் அதுல இருக்குது. என்ன ஒரு வார்த்த கேக்கலியே?" என்றேன்.

மாமனார் கோபப்படவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த பில்லை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். என் கணவர் பெயர், அவர் அப்பா பெயர், வீட்டு விலாசம், வண்டி நம்பர், எல்லாம் இருந்தது.

"இதுல வளையல் எங்கம்மா இருக்குது?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். கைக்குட்டை இல்லை, துடைக்க வண்டியும் இல்லை. ஆனாலும் தலை குனிந்துதான் இருந்தது.

மறுநாள் காலையில் நகைக்கடைக்குப் போய் மீதி இரண்டு வளையலையும் கழற்றித் தராசில் வைத்தேன். விற்கவா, அடகா என்று கேட்டார் கடைக்காரர். இரண்டும் இல்லை, எடை போட்டு, இவை என்னுடையவை என்று என் பெயர் போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "உன் கையில கெடக்கற வளையலுக்கு யாராவது சீட்டு எழுதி வாங்குவாங்களாம்மா?"

"சிரிச்சது போதும். எழுதுங்க."