தேவசகாயம் அண்ணன் உப்பு போட்ட மல்லிகை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பூரிலிருந்து தேவசகாயம் அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா போய்ட்டாரு." எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். தோல் கம்பெனியில் என்னோடும் அண்ணனோடும் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம். ரோசம்மா அண்ணி டி.பி. வந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த குண்டுமல்லிச் செடிகள் அவர் கையால் வைத்தவை. அண்ணனுக்குப் பூச்செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கார்த்திகை பிறந்ததும் அண்ணி படுக்கையிலிருந்தே சொல்லிவிட்டார்: பனிக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும், இலையை உருவ வேண்டும், தண்ணீர் விடக் கூடாது, செடி தூங்கி எழுந்தால்தான் மாசியில் பூக்கும்.

தோலில் ஒட்டிய சவ்வை ஒரு கீறல் விழாமல் சீவுகிற கை அண்ணனுடையது. அந்தக் கை மல்லிச் செடி முன்னால் கத்தியைத் தூக்கித் தூக்கி இறக்கியது.

"பச்சைப்பசேல்னு இருக்குதுடா முனுசாமி. எப்படிடா வெட்றது?"

"அண்ணிதான் சொன்னாங்களே, வெட்டுண்ணே."

"சொல்லுவா. படுத்துக்கினு சொல்றது சுலபம்."

முதல் கிளையைக் கண்ணை மூடிக்கொண்டுதான் வெட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். வெட்டிய இடம் பனியில் அழுகிவிடும் என்று அவருக்குப் பயம். மறுநாள் போய்ப் பார்த்தால் செடிகளின் அடியெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பச்சைத்தோல் கெடாமல் இருக்க நாங்கள் தடவுகிற கல்லுப்பு!

"இன்னாண்ணே இது?"

"அழுகாதுடா. எத்தினி தோலைப் பார்த்துக்கினு இருக்கோம்!"

சில நாளில் பட்டை கறுத்தது. தெருவில் பூ விற்கிற அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்யா, ஊறுகாயா போடறே?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

உப்பு மண்ணை வழித்துக் கொட்டினோம். தோல் கம்பெனிக் கழிவால் பக்கத்துக் கிணறுகளெல்லாம் அப்போதே உப்புக் கரிக்கத் தொடங்கிவிட்டன. ஊருக்கு வெளியே ஒரு நிலத்துக் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடம் கட்டி நல்ல தண்ணீர் கொண்டுவந்தோம். தோலை ஊறவைத்து உப்பெடுப்பது போல அவர் ஊற்றி ஊற்றிக் கழுவினார்.

"வூட்டுக்கு வந்து பூப் பறிக்கணும்னுதான் அவ மாத்திரையே முழுங்கிக்கினு இருக்கா. அவகிட்ட இன்னான்னுடா சொல்றது?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். வேலூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் தலையாட்டிக்கொண்டே வந்தார். அண்ணி, "வெட்னியா?" என்று கேட்டாரோ இல்லையோ, அண்ணன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "உப்பு போட்டுட்டேன் ரோசி."

அண்ணி அவரையே பார்த்தார். "அது செடியா, ஆட்டுத் தோலாய்யா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துச் சிரித்து இருமி, நர்ஸ் ஓடிவந்து எங்களைத் திட்டும்படி ஆயிற்று.

மாசியில் ஒரே ஒரு செடி துளிர்த்தது. அண்ணி வீடு திரும்பியபோது அதில் நாலைந்து மொட்டுகள். "ஒண்ணாவது உன் கையில தப்பிச்சுதே" என்றார். பிறகு பல வருஷம் வாழ்ந்துதான் போனார். இப்போது அண்ணனும் போய்விட்டார்.

என்னிடம் இருப்பது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலோரம்தான். நர்ஸ் திட்டத் திட்ட, தோல் ஊறப்போடும் சுண்ணாம்பில் வெந்து காய்த்த விரல்களால் அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சிரிக்கிறாடா, பார்த்தியாடா" என்று காதோடு சொன்னார். என்னை டா போட்டுக் கூப்பிட இனி யாரும் இல்லை.