எந்தச் சாமி?

சுண்ணாம்பும் பழைய ஓட்டுத் தூசியும் கலந்த ஒரு காரம் அந்தக் கோடை முழுவதும் என் நாக்கில் ஒட்டிக்கிடந்தது. இன்றும் எங்கேனும் ஒரு சுவரை இடித்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சுவை, அடுத்து வருவது கோபம்.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே, சாலையை ஒட்டிய சிறிய கத்தோலிக்கப் பங்கு எங்களுடையது. கோயில் வளாகத்துக்குள்ளேயே, பீடத்துச் சுவருக்குப் பின்னால், "உபதேசியார் ஊடு" என்று ஓர் ஓட்டு வீடு இருந்தது. ஊர் ஊராகப் போய் ஞானப்பாடம் கற்பித்த உபதேசியார் இறந்தபின் அவர் மனைவி சவேரியம்மா அதில் தனியாக இருந்தார். காலை மணி அடிப்பதும், பீடத்துணி துவைப்பதும், பூசைக்கு வரும் பிள்ளைகளை அதட்டி உட்காரவைப்பதும் அவர்தான். எங்கள் பக்கத்தில் கடவுளும் சாமி, குருவானவரும் சாமி, செல்லமாகக் கூப்பிட்டால் பிள்ளைகளும் சாமி. அப்போது சிறுமியாக இருந்த நானும் அவருக்குச் "சாமி"தான்.

அந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்குக் குருவான சாமியார், கோயிலின் வளர்ச்சியைப் பற்றி ஆண்டவரிடமே கேட்போம் என்று அறிவித்தார். "நம்ம கண்ணால பாத்தா இது போதும்னு தோணும். ஆண்டவரோட கண்ணால பாக்கோணும்" என்றார். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் முழங்காலில் நின்று கேட்டோம். கடைசியில் ஆண்டவருடைய கண்ணுக்குத் தெரிந்தது, சாமியார் பங்களாவில் மேசைமேல் முன்பே விரித்திருந்த வரைபடம்தான்: பேருந்திலிருந்து பார்த்தால் தெரியும்படி ஒரு கோபுரம், பின்பக்கம் அகலமான பீடம்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்ததும் கூட்டம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த பங்குப்பேரவைத் தலைவர் எழுந்தார். "வேண்டிக்கிட்டோம், சாமி சொல்லிட்டாருங்க. கோயில் வளரோணும். பின்னால அந்த ஊட்ட எடுத்தாத்தான் எடம்."

பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து சவேரியம்மா எழுந்து நின்றார். "எந்தச் சாமிங்க சொன்னாரு? மேல இருக்கறவரா, பங்களாவுல இருக்கறவரா?"

சிரிக்கத் தொடங்கியவர்கள் சாமியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"பாத்துப் பேசுங்காத்தா" என்றார் தலைவர்.

"தண்ணி எங்க இருக்குதுன்னே பாதி நாளு உனக்குத் தெரியறதில்ல. சாமி மனசு மட்டும் தெரிஞ்சு போச்சாக்கும்?"

சாமியார் கையமர்த்தினார். "அம்மா, ஆண்டவர் ஊடு பெருசாகறப்ப நம்ம ஊடு சின்னதாகறது ஆசீர்வாதந்தானுங்களே?"

"சின்னதாகலீங்க சாமி. இல்லாமப் போகுது."

வாரக்கணக்கில் ஆண்டவரின் குரலைக் கேட்க முழங்காலில் நின்றவர்கள், என் பெற்றோர் உட்பட, இந்தக் குரலைக் கேட்கவில்லை. உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் வீட்டை இடித்தார்கள். தம்மம்பட்டியில் இருந்த தம்பி வீட்டுக்குப் போகச் சவேரியம்மா ஒரு தகரப்பெட்டியோடு வளாக வாசலுக்கு வந்தபோது நான் அங்கே நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் சாமியார். "போயிட்டு வாரேன் சாமி" என்றார் சவேரியம்மா. சாமியார் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். சவேரியம்மாவோ என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, சாமியாரை ஏறிட்டும் பாராமல் பேருந்துக்குப் போனார்.

இப்போது கோபுரம் இருக்கிறது. அதை ஆண்டவரின் சித்தம் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மணியோசை ஒலிபெருக்கியில் வருகிறது. இந்தத் தவக்காலத்திலும் வாசலில் ஒரு பிளெக்ஸ்: "ஆண்டவரின் பார்வையில் நம் பங்கின் வளர்ச்சி." மண்டபம் கட்ட வேண்டுமாம், அதற்காகக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள் எழுந்துபோக வேண்டுமாம். "சாமி விருப்பம் அதுதாங்க" என்று கூட்டத்தில் ஓர் இளைஞர் சொன்னதும் நான் எழுந்து, "எந்தச் சாமிங்க?" என்று கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் சுடவும் இல்லை. குருவானவரை இப்போது எல்லாரும் ஃபாதர் என்கிறார்கள். அந்த இளைஞர் கனிவோடு என்னைப் பார்த்து, "சாமின்னா நம்ம ஆண்டவர்தாங்க அக்கா, வேற யாரு?" என்றார்.