கட்லா மீனும் பத்மாவின் கையும்

பத்மாவின் கை அழுக்கு என்றார்கள். முத்தாபுதுப்பேட்டையில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி அவள், வயது நாற்பத்தாறு. அம்பத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கடல் தண்ணீர் வடிகட்டுகிறாள். மீனும் நண்டும் தண்ணீரில் விட்டுப்போகும் சளியிலும் செதிலிலும் மரபணு இருக்கும். வலை போடாமலே, அந்தக் கடலில் என்னென்ன வாழ்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் எடுத்துத் தருவது கரையோர மீனவக் குடும்பங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பாட்டில்: ஒன்று அம்பத்தூருக்கு, இன்னொன்று அவர்களுடைய ஐஸ் பெட்டியிலேயே இருக்கும்.

பழவேற்காட்டுக்கு வெளியே, ஆழ்கடலில் எடுத்த தண்ணீரில் கட்லா இருப்பதாக முடிவு வந்தது. கட்லா ஏரி மீன். மேலாளர் கஜபதி யோசிக்கவே இல்லை. வீட்டில் மீன் கழுவிய கையோடு பத்மா வேலைக்கு வந்திருக்கிறாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லி, இனி வரவேண்டாம் என்றார்.

முப்பது வருஷம் படுத்த படுக்கையானவர்களைக் கழுவித் துடைத்தவள் நான். கறை எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல், துடைக்கிறவளைத் திட்டும் ஆட்களை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

பத்மா அழவில்லை. பாட்டில் வரும் ஐஸ் பெட்டியைத் திறந்ததும் கண்டதைப் பதிவேட்டில் எழுதுவது அவள் வழக்கம். அந்தத் தண்ணீர் கைக்கு வந்த அன்றைக்கும் எழுதியிருந்தாள்: 'பெட்டிக்குள் பெரிய செதில் மூன்று. பாட்டில் மேல் மீன் வாடை.' அந்தப் பெட்டி முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, கஜபதியின் காரில் வந்தது. வழியில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மீன் வாங்கி, ஐஸ்தான் இருக்கிறதே என்று அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்.

அவள் அதைக் காட்டியதும், பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார் கஜபதி.

"கிழிக்க மாட்டேன் சார். என் கை சுத்தமா கீது. உங்க பெட்டிய மோந்து பாருங்க."

அன்றைக்கே, அந்தத் தண்ணீரை எடுத்துத் தந்த பழவேற்காட்டு ராஜம்மாவுக்குப் போன் செய்தாள். இரண்டாவது பாட்டிலை ராஜம்மாவே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வேறொருவர் வடிகட்டினார். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. கட்லா இல்லை.

கஜபதி பத்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். "சரி விடும்மா, இதெல்லாம் சகஜம். நாளைக்கு வேலைக்கு வந்துடு."

சகஜமாம். ஊரறியப் போட்ட பழியை அறைக்குள் துடைத்தால் போய்விடுமா?

பத்மா பதிவேட்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள். மீன் யாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை ஒரு பாட்டிலையும் தொட மாட்டேன் என்றாள். முடிவைக் கேட்க வந்து வெளியே காத்திருந்த ராஜம்மாவும் உள்ளே வந்து, எழுதாவிட்டால் எங்கள் கரையிலிருந்து இனி ஒரு சொட்டுத் தண்ணீர் வராது என்றாள்.

எழுதினார். பத்மா நிதானமாகப் படித்தாள். தேதி விட்டுப்போயிருந்தது, அதையும் போட வைத்தாள். பிறகுதான் கையுறையை மாட்டினாள்.