நாலு ராணி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை அரைப்பவருக்கு நாலு ராணி என்று பட்டப்பெயர். அவர் எதிரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கதை இதுதான். சாப்பாட்டு நேரத்தில் பின்னறையில் நாலு பேர் போக்கர் ஆடுவார்கள். ஆளுக்கு ஐந்து சீட்டு. பிடிக்காததைப் போட்டுவிட்டு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஒரே மாதிரிச் சீட்டு அதிகம் சேர்ந்தவருக்கு ஜெயம். பந்தயம் பணமல்ல. அளவு தவறி அரைத்த வில்லைகள் ஒரு டப்பாவில் சேரும். யார் கண்ணுக்கும் பொருந்தாத அந்த வில்லைகள்தான் அங்கே செலாவணி. கடைசியில் அதிகம் தோற்றவர் டீ டம்ளர்களைக் கழுவவேண்டும்.

ஒரு நாள் அவருக்கு மூன்று ராணி வந்தது. இரண்டு சீட்டை மாற்றினார். நாலாவதும் வந்துவிட்டது. முகத்தை மறைக்க மேஜைக்கடியில் குனிந்து செருப்பைத் தேடினார். பிறகு தன்னிடம் இருந்த வில்லைகளை மொத்தமாக நடுவில் தள்ளினார். இரண்டு பேர் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். எதிரே இருந்தவன் அவர் மனைவியின் தம்பி. அதே கடையில் பிரேம் மாட்டுகிறவன். அவனும் மொத்தமாகத் தள்ளினான். இவர் ராணிகளை ஒவ்வொன்றாக வைத்தார். மச்சான் ஒரேயடியாக விரித்தான். நாலும் ராஜா.

"ஆயுசுக்கு ஒரு தடவை வர்ற சீட்டு. அது வர்ற அன்னிக்கே அதை அடிக்கிற சீட்டும் வருதுன்னா, மேல எவனோ வேலை மெனக்கெட்டு எனக்குன்னே உக்காந்து யோசிச்சிருக்கான்" என்று கதையை முடிப்பார்.

அன்றைய மொத்த நஷ்டம் டீ டம்ளர் கழுவியது. ஆனால் அதற்குப் பின், சாப்பாட்டு நேரத்துச் சீட்டைத் தவிர, அவர் எதிலும் கைவைக்கவில்லை. குலுக்கலில் வீட்டுமனை தருகிறார்கள் என்றபோது, "என் பேரு விழுந்தா அந்த மனையில பாழுங்கிணறு இருக்கும்" என்றார். கிளைக்கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன முதலாளியிடம், "நான் போனா அந்தத் தெருவுக்கே கண்ணு நல்லாயிடும் சார்" என்றார். மனைவியால் வாய்விட்டுத் திட்ட முடியவில்லை. திட்டினால் ராசி என்பார். ராசியெல்லாம் சும்மா என்று சொல்லலாம். ஆனால் அந்த ராசியில் ஜெயித்தது கூடப் பிறந்த தம்பியாயிற்றே.

தம்பிக்கோ அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை. ராஜா கை என்று தன் கையைத் தானே சொல்லிக்கொள்வான். அந்தக் கையால் ஒரு பழைய காரை எஞ்சினைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கினான். அது வீட்டு வாசலைவிட்டு நகரவில்லை. "இதுவரைக்கும் ஒரு சின்னக் கீறல் உண்டா? அதான் ராசி" என்றான்.

அந்தப் பின்னறையில் பெரிய சீட்டுகள் அடிக்கடி விழுந்தன. ஆட்டம் கைவந்துவிட்டது என்று நால்வரும் நம்பினார்கள். நால்வரில் ஒருத்தியான கல்லா அக்கா மட்டும் ஒரு நாள் கேட்டாள்: "ஏம்ப்பா, இப்பல்லாம் ரெண்டு, மூணே கண்ணுல படுறதில்லையே?"

"உங்களுக்கு வேணும்னா சொல்லுங்கக்கா, தனியா வரவழைச்சிடலாம்" என்றான் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். சின்னச் சீட்டு வரவில்லையே என்று யார் ஏங்குவார்கள்?

அப்போதுதான் முதலாளி தானாகவே அரைக்கும் மெஷின் ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். அதை ஓட்டப் பயிற்சி உண்டு. மூத்தவர் என்று நாலு ராணியை அனுப்ப நினைத்தார். போய்வந்தால் பின்னறைக்கு அவர்தான் பொறுப்பு. போகாவிட்டால் மெஷின் கம்பெனி ஓர் ஆளை அனுப்பும்; இவர் அவன் பக்கத்தில் நின்று வில்லை துடைக்கவேண்டியதுதான். யோசித்துச் சொல்லும்படி விட்டார்.

மறுநாள் காலையில் மனைவி சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை அந்த ராணிங்களை வீட்ல விட்டுட்டுப் போங்க. நான் பத்திரமா பாத்துக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். அவளும். தெருமுனை வரை "சரி சார்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். சொல்லக் கஷ்டமாக இல்லை.

புது மெஷினுக்கு இடம் வேண்டும் என்று மச்சானும் அவருமாக அரைக்கும் மேஜையைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். பின்கால் ஒன்று குட்டை. அது இருந்த இடத்தில், தரையோடு அழுந்தி, எண்ணெய் குடித்த ஒரு அட்டைப் பொதி கிடந்தது. மச்சான் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். சீட்டுகள். இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு. எல்லா ஜாதியிலும். முதுகில் அவர்கள் ஆடும் கட்டின் அதே நீலக் கட்டம்.

மேஜை ஆடினால் வில்லை பிசகும். பிசகும்போதெல்லாம் கையில் கிடைத்ததைக் காலுக்கடியில் செருகுவது பின்னறை வழக்கம். சாப்பாட்டு நேரத்தில் கைக்குக் கிடைப்பது, யாருக்கும் வேண்டாத சீட்டு.

"நீங்க வச்சதா, நான் வச்சதா?" என்றான் மச்சான்.

"ரெண்டு பேரும்தான் வச்சிருப்போம்."

"அப்ப அன்னிக்கு..."

"அரைகுறைக் கட்டுல ஆடியிருக்கோம். ராஜாவும் ராணியும் வேற எங்கடா போவாங்க?"

மச்சான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். வாசலில் நிற்கும் கார் நினைவுக்கு வந்திருக்கலாம். பிறகு கேட்டான்: "இதை வீட்ல சொல்லப் போறீங்களா?"

அவர் சீட்டுகளைப் பழையபடி அடுக்கினார். வீட்டுமனை, கிளைக்கடை என்று ஒவ்வொன்றாக வந்து எதிரில் நின்றன. மேலே யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அவரைப்பற்றி யோசிக்க அங்கே ஆளே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்து மேஜையில் கைவைத்தார். அது ஆடியது. "என்ன இது, அண்டை கொடுங்க ஏதாவது."

மச்சான் மேஜையைத் தூக்கினான். அவர் குனிந்து, பொதியைப் பழைய மடிப்பு கலையாமல் காலுக்கடியில் வைத்தார். இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"பயிற்சிக்கு என்ன சொல்றீங்க?" என்றார் முதலாளி.

"என் ராசி உங்களுக்குத் தெரியாததா சார்?"

மச்சான் ஸ்க்ரூடிரைவரைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

மெஷினோடு ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவன் அரைத்துத் தள்ளும் வில்லைகளை அவர் வாங்கித் துடைக்கிறார். வந்த அன்றே அவனுக்குக் கதை சொன்னார். மூன்று ராணி, நாலாவது ராணி, செருப்பு, நாலு ராஜா. எப்போதும் சொல்வதுபோலத்தான். இடையில் ஓரிடத்தில் மட்டும் துணியைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டிராத ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"முழுக் கட்டு தம்பி. ஆடுறதுக்கு முன்னாடி நானே எண்ணிப் பாத்தேன்."

"ஆமா, எண்ணினாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றான் மச்சான்.