தூளிக்கு இடம் விட்ட இஞ்சின்

யுத்தம் முடிந்த மறு வருஷம், சேலத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு வரும் வழியில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் எங்கள் வேன் கறுப்பாகப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. நான் உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். வேன் நின்றால் எங்களுக்குக் கடையும் நின்றது, குடித்தனமும் நின்றது.

பழைய கார் ஒன்றின் மேல் மரக்கூண்டு கட்டிய வேன் அது. வளையல், ரிப்பன், சீப்பு என்று பாப்பாரப்பட்டி, ஏரியூர் சந்தைகளில் விற்போம். கல்யாணமான நாளிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் அதற்குள்தான் வாசம். படுக்க ஒரு பலகை, அதற்கு அடியில் சரக்கு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அடுப்புப் பெட்டி. சந்தைக்கு வருகிறவர்கள் "உருளுற வூட்டுக்காரங்க" என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். நாலு வீச்சில் பெருக்கி முடிக்கிற வீடு எத்தனை பேருக்கு வாய்க்கும்!

மாடு கட்டி இழுத்து, பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் தோட்டத்தில் வேனைக் கொண்டுவந்து சேர்த்தோம். ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து, இந்த இஞ்சின் இனி எழுந்திருக்காது என்று சொல்லிவிட்டார். அவரிடம் மாற்று இஞ்சின் இரண்டு இருந்தன. ஒன்று பட்டாளத்து லாரியில் இருந்து இறக்கியது. இன்னொன்று சின்னக் கார் ஒன்றின் இஞ்சின்.

"லாரி இஞ்சின் கணவாயில மூச்சு வாங்காம ஏறுமுங்க. என்ன, நீளம் ஜாஸ்தி. சீட்டை ஒன்றரை மொழம் பின்னால தள்ளணும். அடுப்ப வெளிய வெச்சுக்கோங்க. சின்னது இருக்கற எடத்துலயே உக்காந்துக்கும், ஆனா ஏத்தத்துல தெணறும்" என்றார்.

அடுப்பைப் பற்றி யார் கவலைப்பட்டது? பிள்ளை பிறந்தால் அது எப்படியும் வெளியேதான். எனக்கு அப்போது ஏழு மாதம். சீட்டுக்குப் பின்னால், மேலே போகும் குறுக்குக் கட்டையில்தான் தூளி கட்டுவது என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன். வேறு எங்கே கட்டினாலும் சரக்குப் பெட்டி இடிக்கும். அந்த இடம் போனால் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் அண்ணன் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அவர் மட்டும் சந்தை சந்தையாகப் போவார். அண்ணன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது என் வீடு இல்லை.

"லாரி இஞ்சினே போடுப்பா. தாயும் புள்ளையும் இங்கியே இருக்கட்டும். அதுகளுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்றார் அண்ணன். நல்ல மனசோடு சொன்னதுதான். என் வீட்டுக்காரர் அண்ணன் சொல்லை ஒரு நாளும் தட்டியதில்லை. அன்றைக்கும் தலையைத் தலையை ஆட்டினார். அந்தக் கழுத்துக்கு எண்ணெய் போட வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் அம்மன் கோயிலில் கிடாயை நிறுத்தி உத்தரவு கேட்பார்கள். மஞ்சள் தண்ணீரை அதன்மேல் ஊற்ற வேண்டும். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் சரி என்று சொல்லிவிட்டாள். சும்மா நின்றால் உத்தரவு இல்லை. இஞ்சினுக்கும் அப்படியே கேட்டோம்.

முதலில் அண்ணன் செம்பை வாங்கினார். "தாயே, லாரி இஞ்சின் போடலாமா?" என்று முதுகில் ஊற்றினார். கிடாய் வேப்பிலையை மென்றுகொண்டிருந்தது. திரும்ப ஊற்றினார். இன்னும் கொஞ்சம் வேப்பிலை கிடைக்குமா என்று பார்த்தது.

"சின்ன இஞ்சினுக்கு நான் கேக்கறங்கண்ணா" என்று என் வீட்டுக்காரர் செம்பை வாங்கிக் குனிந்து ஊற்றினார். கிடாய் உதறிய உதறலில் எல்லார் முகத்திலும் மஞ்சள் தண்ணீர். "துலுக்கிடுச்சு!" என்று கூட்டம் கத்தியது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மனே சொன்ன பிறகு அவருக்கு மறுபேச்சு ஏது?

நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் நேராகக் கிடாயின் காதுக்குள் போனதைப் பார்த்தேன். சின்ன வயசெல்லாம் ஆடு மேய்த்தவர் என் வீட்டுக்காரர். காதில் தண்ணீர் போனால் ஆடு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா?

"காதுல ஊத்துனீங்க" என்றேன், திரும்பி வரும்போது.

"அட, பட்டுதா? நான் கவனிக்கலியே" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெண் பிறந்தாள். சேலத்திலிருந்து முதல் சரக்கோடு திரும்பினோம். ரிப்பேர்க்காரர் சொன்னது பொய்யில்லை. தொப்பூர் ஏற்றத்தில் சின்ன இஞ்சின் திணறியது. பாரம் குறையட்டும் என்று நான் இறங்கினேன். வண்டி நிற்கும்போதெல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைப்பது என் வேலை. லாரிக்காரர்கள் சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். கால் கடுக்க, இஞ்சினையும் அந்தக் கிடாயையும் அவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

"லாரி இஞ்சினா இருந்தா இந்நேரம் மேல போயிருக்கலாம்" என்றார் அவர்.

"நீங்க போயிருப்பீங்க. நான் உங்கண்ணன் வூட்டுல இருந்திருப்பேன். பேசாம ஓட்டுங்க."

அப்போதுதான் பின்கதவு வழியாக உள்ளே பார்த்தேன். குறுக்குக் கட்டையில் தூளி தொங்கியது. அவருடைய ஒரு கைதான் ஸ்டீயரிங்கில் இருந்தது. இன்னொரு கை சீட்டுக்குப் பின்னால் நீண்டு, தூளியை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கையிலயும் ஓட்டுங்க!" என்று கத்தினேன். அவர் கையை எடுக்கவில்லை.